மூன்று பம்புகள்

என் முதல் கார் 1961-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு மாரிஸ் மைனர். 1984-இல், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அதை வாங்கினேன். அப்போதே அதற்கு வயது இருபத்து மூன்று. வேறெந்தக் காருக்கும் என் சம்பளம் இடங்கொடுக்கவில்லை என்பதே உண்மை. நண்பர்களிடமோ, அதன் உருண்ட வடிவம் என் மனத்தைக் கவர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன். பதிவு அட்டையில் என்ஜினின் கொள்ளளவு 948 சி.சி. என்றிருந்தது. தமிழாசிரியன் ஒருவனுக்கு அந்த எண்ணைக் கண்டதும் வேறொன்று நினைவுக்கு வராமற் போகுமா? திருக்குறளில் 948-ஆம் குறள் மருந்து அதிகாரத்தில் நிற்பது. நோய் இன்னதென்றும், அது வந்த காரணம் இன்னதென்றும் தெளிந்த பிறகே தீர்க்கும் வழியைத் தேடவேண்டும் என்று மருத்துவனுக்கு உரைப்பது. இந்தப் பொருத்தத்தை அந்நாளில் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். 1986-க்குப் பிறகு சொல்வதில்லை.

அவ்வாண்டு பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் என் காரின் தண்ணீர்ப் பம்பு மூன்று முறை பழுதுபட்டது. ஜார்ஜ் டவுனில் என் வீடு. பாலிக் புலாவ் பக்கத்தில் என் பள்ளி. நாள்தோறும் மலைச்சாலையில் ஏறி இறங்கவேண்டும். முதல் முறை, ஏற்றத்தின் பாதியிலேயே வெப்பம் மிகுந்து ஆவி கிளம்பியது. பட்டறைக்கு இழுத்துச் சென்று பார்த்தபோது, பம்பின் அடியில் துருச் சிவப்பாய் ஒரு கோடு வழிந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு சிறு துளை உண்டு. வேண்டுமென்றே வைக்கப்பட்ட துளை. உள்ளிருக்கும் நீர்த்தடுப்பு கெட்டால், தண்ணீர் பேரிங்குக்குள் புகாமல் அவ்வழியே வெளியேற வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் நீர் சொட்டத் தொடங்கினால் பம்பின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

டத்தோ கிராமட் சாலையை ஒட்டிய சந்தொன்றில் இருந்தது அந்தப் பட்டறை. தவுக்கே சீனர், வேலை பார்த்தவன் என் பழைய மாணவன். புணர்ச்சி விதிகளுக்காக என்னிடம் பிரம்படி வாங்கியவன். அவன் முதலில் பெல்ட்டைச் சந்தேகித்தான். மாரிஸ் மைனரில் ஒரே பெல்ட்தான் பம்பையும் டைனமோவையும் சுழற்றுகிறது. அதை அளவுக்கு மேல் இறுக்கினால் பம்பின் தண்டு ஓயாமல் ஒரு பக்கமாக இழுபட்டுப் பேரிங் தேய்ந்துவிடும். புதிய பம்பை மாட்டியபின், பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழவேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தான்.

மே மாத இறுதியில் இரண்டாவது பம்பும் சொட்டியது. இம்முறை தண்ணீரைச் சந்தேகித்தான். நம் பினாங்குக் குழாய்த் தண்ணீரின்மேல் குற்றமில்லை. ஆனால் வார்ப்பிரும்பு என்ஜினுக்குள் வெறுந் தண்ணீரே நின்றால் துரு மண்டும். அந்தத் துரு மணலைப்போல் நீர்த்தடுப்பை அராவிவிடும். ஆகவே ரேடியேட்டரையும் என்ஜினையும் தெளிநீர் வரும்வரை அலசி, துருத்தடுப்பு மருந்து கலந்து ஊற்றினான். பம்பையும் வேறு நிறுவனத்தாரின் தயாரிப்பாகப் பார்த்து மாட்டினான். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “சார், விசிறியில் எப்போதாவது ஏதாவது பட்டதா?”

“இல்லை” என்றேன்.

அது பொய். அந்தச் சனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறைச் செலவை மிச்சப்படுத்த எண்ணி நானே பெல்ட்டை இறுக்கினேன். ஸ்பானரை டைனமோவின் மேலேயே மறந்து வைத்துவிட்டு என்ஜினை முடுக்கினேன். மணியடித்தாற்போல் ஓர் ஓசை. ஸ்பானர் வேலியோரம் போய் விழுந்தது. விசிறி இதழ்களுள் ஒன்றின் முனை, கட்டைவிரல் நகமளவு சிதறிப் போயிருந்தது. இதழும் சற்று வளைந்திருந்தது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தினேன். முறிந்த விளிம்பை அரத்தால் ராவி, கறுப்புச் சாயம் பூசினேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. மாணவனிடம் மறைத்தது தீய எண்ணத்தால் அன்று. இலக்கணத்தில் அவனை அடித்த ஆசிரியன், ஸ்பானரை மறந்து வைத்த கதையை எப்படிச் சொல்வான்?

செப்டம்பரில், சுங்கை பட்டாணியில் இருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு திரும்பும்போது மூன்றாவது பம்பு போயிற்று. 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் நடுவில், பொரியும் வெயிலில், நீரிழிவு நோயாளியான அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். அந்தக் கோபத்தோடு மறுநாள் பட்டறைக்குப் போய்த் தவுக்கேயின் முன்னிலையிலேயே அவனைப் பேசினேன். கைவேலை தெரியாதவன் என்றேன். மலிவுச் சாமானை மாட்டிவிட்டு நல்ல விலை வாங்குகிறான் என்றும் சொன்னேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாவது பம்பின் விலையை அவன் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகத் தவுக்கே சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதே வாரம் மாலை வகுப்பில் மருந்து அதிகாரம் நடந்தது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைக் கூறும் 950-ஆம் குறளுக்கு வந்தேன். பரிமேலழகர் அந்நான்கில் ஒவ்வொன்றையும் மேலும் நான்காக விரிப்பார். நோயாளிக்கு உரியவற்றுள், தன் நோயின் நிலையை மருத்துவனுக்கு அறிவிப்பதும் ஒன்று. அதைக் கரும்பலகையில் எழுதியபோது சுண்ணக்கட்டி கையிலேயே நின்றது. பிள்ளைகள் எதையும் கவனித்திருக்கமாட்டார்கள். எனினும் அன்றும் நான் பட்டறைக்குப் போய்விடவில்லை. சனிக்கிழமை, கார் ஆயிற்றா என்று கேட்கும் சாக்கில்தான் போனேன்.

பழுதான மூன்று பம்புகளையும் மண்ணெண்ணெயில் கழுவி மேசைமேல் வரிசையாக வைத்திருந்தான். “மூன்றும் ஒரே மாதிரி செத்திருக்கின்றன, சார்” என்றான். நீரைத் தள்ளும் சக்கரங்களில் அரிப்பு இல்லை. எனவே குற்றம் தண்ணீரில் இல்லை. ஒரு பம்பின் பேரிங்கை அறுத்துத் திறந்திருந்தான். பெல்ட்டின் இறுக்கத்தால் கெட்டிருந்தால் வெளிவளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். இங்கே வளையம் சுற்றிலும் தேய்ந்திருந்தது. தேய்க்கும் விசையும் தண்டோடு கூடவே சுற்றியிருக்கிறது என்றான். பிரிவுரைத் தேர்வுகளில் தேறாத பையன் இதை எங்கே கற்றான் என்று வியந்தேன்.

அந்தக் காரில் விசிறி தனியே நிற்பதில்லை. பம்பின் முனையிலேயே முடுக்கப்பட்டிருக்கும். பம்பை மாற்றும்போதெல்லாம் அதே பழைய விசிறிதான் திரும்ப ஏறியிருக்கிறது. அவன் விசிறியின் நடுத்துளையில் பொருத்தமான ஒரு தண்டைச் செருகி, சமமாக வைத்த இரண்டு இரும்புச் சட்டங்களின்மேல் கிடத்தி, விரலால் மெல்லச் சுழற்றினான். அது தயங்கி நின்றபோது ஓர் இதழ் உச்சியில் இருந்தது. மீண்டும் சுழற்றினான், மீண்டும் அதே இதழ் மேலே வந்து நின்றது. எடை குறைந்த பக்கம் அது. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று ஓடும்போது அந்த நகமளவு இரும்பின் குறை, பம்பின் தண்டை ஒவ்வொரு சுற்றிலும் உலுக்கியிருக்கும்.

அவன் அந்த இதழின் முனையைத் துணியால் துடைத்தான். எண்ணெய் அழுக்கு அகன்றதும் கறுப்புச் சாயம் பளிச்சென்று தெரிந்தது. அதன்கீழ் அரத்தின் கோடுகள். அவன் ஒரு கணம் பார்த்தான், பிறகு துணியை மடித்து அதன்மேல் போட்டுவிட்டு, “வேறு விசிறி பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், சார். பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும்” என்றான்.

நான் தவுக்கேயிடம் போய், மூன்றாவது பம்பின் விலையை என் கணக்கில் எழுதுமாறு சொன்னேன். ஏன் என்று கேட்டார். “குற்றம் பையனுடையதன்று” என்றேன். “பின்னே யாருடையது?” என்றார். “விசிறியுடையது” என்றேன். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

நான்காவது பம்பு, 1991-இல் அந்தக் காரை நான் விற்கும்வரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

காரை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அன்று, அவன் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைப் பின்னிருக்கையில் வைத்தான். என்னவென்று கேட்டேன். “பழைய விசிறி, சார். இங்கே கிடந்தால் தவுக்கே எடுத்துப் பார்ப்பார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.