டெக்சாஸின் பழைய பகை

டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கால்பந்தில் முதன்முதலில் மோதியது 1894-இல். டெக்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினிலிருந்து ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனுக்குக் காரில் இரண்டு மணி நேரம்தான். ஒரே குடும்பத்திலேயே இரு கட்சி உண்டு. 2011 நவம்பரில் டெக்சாஸ் வீரர் ஜஸ்டின் டக்கர் கடைசி நொடியில் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பாய, டெக்சாஸ் 27-25 என வென்றது. அதோடு தொடர் நின்றது. ஏ அண்ட் எம் 2012-இல் தென்கிழக்கு லீக்குக்குப் போய்விட்டது.

இத்தகைய இடமாற்றங்களுக்கு ஆணிவேர் தொலைக்காட்சி உரிமைப் பணம். 2024-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கரை லீக்கில் சேர்ந்ததும் அதனால்தான். படிக்கிற பிள்ளைகளை ஆட்டத்துக்காக நாட்டின் மறுகோடிக்குப் பறக்கவிடுவது அநியாயம். அதே ஆண்டு டெக்சாஸும் தென்கிழக்கு லீக்கில் சேர, 13 ஆண்டு கழித்து இரு அணிகளும் காலேஜ் ஸ்டேஷனில் மீண்டும் மோதின. டெக்சாஸ் 17-7 என வென்றது.