தட்டுக்கு அடியில் புளி

முப்பத்திரண்டு வருஷம் நான் பார்த்த வேலையே அடுத்தவர் தராசைச் சந்தேகப்படுவதுதான். தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தேன். சந்தைக்குள் நுழைந்தால் முதலில் வெறும் தராசைத் தூக்கிப் பிடித்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து, சரக்கு வைக்கும் தட்டின் அடிப்பக்கத்தைத் தடவுவேன். நெல்லிக்காய் அளவு புளியை அப்பி வைத்திருப்பார்கள். அதற்கப்புறம்தான் கையோடு கொண்டுபோன படிக்கல்லை வைத்துச் சோதிப்பது. இப்படிப் பழகியவன், ஓய்வு பெற்ற பிறகு என் சொந்த எடை விஷயத்தில் ஒருவர் சொன்னதை அடிப்பக்கம் தடவாமல் நம்பினேன்.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலை நடைக்கு வரும் கூட்டத்தில் வைத்தியர் அல்லாதவர் கிடையாது. வங்கியில் இருந்தவர், மில்லில் இருந்தவர், ஜவுளிக்கடைக்காரர் என்று எல்லோர் கையிலும் தொப்பைக்கு ஒரு மருந்து உண்டு. ஒருவர் வெந்தயம் என்பார், ஒருவர் ராத்திரிப் பட்டினி என்பார், இன்னொருவர் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் என்பார். சூப் வண்டியில் கொள்ளு சூப்புக்குத்தான் கிராக்கி. குடித்துக்கொண்டே, "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு, பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்பார்கள். சும்மா சொல்லவில்லைதான். எள்ளில் பாதி எண்ணெய். 100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேல். கொள்ளில் 320 சொச்சம். ஆனால் அரிசியும் 350க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. வழக்கமான நாலு இட்லியையும் சாப்பிட்டு, மேலே கொள்ளையும் குடித்தால், அதுவும் கணக்கில் ஏறுமே தவிர, உள்ளே போய்க் கொழுப்பைக் கரைக்காது. தேனும் பெரிய கரண்டிக்கு 60 கலோரி. (கொள்ளு ரசம் எனக்குப் பிடிக்கும். அது நாக்கு விவகாரம்.)

2016இல் நான் 84 கிலோ. இடுப்பு 102 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90ஐத் தாண்டக்கூடாது என்பார்கள். கூட நடக்கும் நண்பர் ஒருவர் நாலு மாதத்தில் 11 கிலோ இளைத்திருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. "அண்ணே, சோறு, இட்லி, தோசை எதையும் தொடாதீங்க. முட்டை, பனீர், காய் மட்டும். நான் கேரண்டி" என்றார். கண்ணுக்கு முன்னால் ஆளே சாட்சியாக நிற்கும்போது வேறென்ன வேண்டும்?

முதல் வாரமே 3 கிலோ குறைந்தது. வீட்டில் எடை மெஷினை விட்டு இறங்க மனசில்லை. ஒன்பதாம் நாள், வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டு, இரண்டு முட்டையோடு காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பதினொரு மணிக்குப் பாஸ்புக் பதிய வங்கி வரிசையில் நின்றேன். கை நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கவுன்டரில் இருந்த பெண் கேட்டதற்கு என் பெயரைச் சொல்ல வரவில்லை. காவலாளி உட்காரவைத்து, சர்க்கரை தூக்கலாக டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்து கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தபோது, டீ குடித்த பிறகும், ரத்தச் சர்க்கரை 58தான்.

"சோத்தைக் குறைச்சது தப்பில்ல சார். மாத்திரையைக் குறைக்காம சோத்தைக் குறைச்சதுதான் தப்பு" என்றார் மருத்துவர். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது கிளிமிபிரைடு. கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்கவைக்கும் வகை. நான் தின்றது முட்டையா மூன்று தோசையா என்று அதற்குத் தெரியாது; தன் வேலையைச் செய்துவிட்டது. என் வீட்டுக்காரி மருத்துவரிடம் ஒன்றும் பேசவில்லை. ஆட்டோவில்தான் கேட்டாள்: "ஏங்க, உங்க நண்பருக்குச் சர்க்கரை இருக்கா?" இல்லை. எனக்கு இருப்பதும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதை நான் ரொம்ப நாள் அசைபோட்டிருக்கிறேன். நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் இளைத்தது நிஜம், என் மேல் அக்கறையும் நிஜம். அவர் உடம்புக்குச் சரியாக இருந்த கல்லை வைத்து என் உடம்பை நிறுத்தார், அவ்வளவுதான். நல்லவர் சொல்கிறார், செய்து காட்டியவர் சொல்கிறார் என்பதெல்லாம் அவர் நேர்மைக்குச் சான்று. அவர் சொன்னது எனக்குப் பொருந்துமா என்பதற்கு அதில் சான்று ஏதும் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் என் பிழை.

அந்த 3 கிலோவையும் பிறகு கணக்குப் போட்டேன். பழைய புத்தி. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,100, நாளொன்றுக்கு 3,300. என் மொத்தச் சாப்பாடே 2,000ஐத் தாண்டாது. ஏழு நாளும் பச்சைத் தண்ணீரோடு கிடந்திருந்தாலும் அவ்வளவு கொழுப்பு போயிருக்க வழியில்லை. போனது பெரும்பாலும் தண்ணீர். ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இருப்பு தீரும், தண்ணீரும் கூடவே வெளியேறும். எந்த முறைக்கும் முதல் வாரம் கைகொடுப்பது இதனால்தான். 'ஏழே நாளில்' என்று பேசுகிறவர் எல்லாம் இந்தத் தண்ணீரைத்தான் விற்கிறார்.

விற்கிறவர்கள் தனி ரகம். பவுடர் டப்பாவோடு வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் ஒருவர், நான் சேர்ந்தால் தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. பருமனைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதே நம் நாட்டில் குற்றம். 1954ஆம் வருஷச் சட்டத்தின் பட்டியலில் அது இருக்கிறது. பேருந்து நிலையச் சுவரைப் பார்த்தால் அப்படித் தெரியாது. கேரளத்து மீன் குழம்பில் போடும் கொடம்புளியைக்கூட மாத்திரையாக்கி விற்றார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சோதனை வந்தது. 135 பேர், 12 வாரம், எல்லோருக்கும் ஒரே பத்தியம். பாதிப் பேருக்குக் கொடம்புளிச் சத்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. புளி சாப்பிட்டவர்கள் சராசரி 3.2 கிலோ இளைத்தார்கள், வெறும் மாத்திரைக்காரர்கள் 4.1. பத்தியத்தின் வேலை, புளியால் ஒன்றும் கூடவில்லை. இதைவிடப் பயப்பட வேண்டியது, சிபுட்ரமின் என்ற மருந்து. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகும், 'முழுக்க மூலிகை' என்று லேபிள் ஒட்டிய மாத்திரைகளுக்குள் அது ஒளிந்திருப்பதை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. தட்டுக்கு அடியில் புளி என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் மைதானத்தில்தான் கவனித்தேன். நண்பர் பேச்சைக் கேட்டு ஆரம்பித்தவர்கள் என்னோடு சேர்த்துப் பதினாலு பேர். ஆறு மாதம் கழித்துப் பெருமையாகப் பேசியவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் நடக்கும் நேரத்தையே மாற்றிக்கொண்டார்கள். வழியில் பார்த்துக் கேட்டால், "நான்தான் ஒழுங்கா கடைப்பிடிக்கல சார்" என்று தலையைச் சொறிவார்கள். இளைத்தால் முறையின் பெருமை, இளைக்காவிட்டால் ஆளின் குற்றம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வியாபாரிக்கே லாபம் காட்டும் தராசை நான் பார்த்த அன்றே பறிமுதல் செய்திருப்பேன்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி உணவியல் அம்மாவிடம் போனேன். வயதில் என் மகளைவிடச் சின்னவர். அரைமணி நேரம் கேள்விதான். என்ன மாத்திரை, சிறுநீரகம் எப்படி, எத்தனை மணிக்குத் தூக்கம், வீட்டில் யார் சமைக்கிறார்கள், மாதம் எத்தனை கல்யாணச் சாப்பாடு. எல்லாம் எழுதிக்கொண்டு, மருத்துவரிடம் மாத்திரை அளவைக் குறைக்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தார். அதற்குப் பிறகுதான் சோற்றுக் கரண்டியைப் பற்றிப் பேசினார். பாதி சோறு, இரண்டு மடங்கு காய், வாரம் ஒருநாள் மட்டும் எடை. "எத்தனை நாளில் குறையும்மா?" என்றேன். "அது எனக்குத் தெரியாது சார், பார்த்துப் பார்த்து மாத்துவோம்" என்றார். மைதானத்தில் ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பதினாலு மாதத்தில் 6 கிலோ குறைந்தது. சூப் வண்டிக்கு முன்னால் சொல்லிக்கொள்ளும்படியான கணக்கு இல்லை. நீங்களும் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், யார் பேச்சைக் கேட்டாவது சாப்பாட்டை மாற்றும் முன் உங்கள் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் ஒருமுறை நீட்டுங்கள். சட்டைப் பையில் கொஞ்சம் குளுக்கோஸும் இருக்கட்டும்.