ஒரு கிலோவைக் குறைக்க

துப்பாக்கியில் எது துப்பாக்கி என்று அமெரிக்கச் சட்டத்தைக் கேட்டால், தோளில் சாய்க்கும் கட்டையும் இல்லை, குண்டு பாயும் குழலும் இல்லை என்கிறது. 1968ஆம் ஆண்டின் சட்டப்படி, வரிசை எண் பொறித்த நடு உடல்தான் துப்பாக்கி. அதை வாங்க உரிமம் பெற்ற வியாபாரியிடம் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். குழலையோ தபாலில் வீட்டுக்கே வரவழைத்துக்கொள்ளலாம். லாரிக்காரருக்கு டயர் எப்படியோ, வேட்டைக்காரருக்குக் குழல் அப்படி. தேய்ந்தால் மாற்ற வேண்டிய உருப்படி, அவ்வளவுதான்.

இதை எனக்கு முதலில் விளக்கியவர் மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில், 93ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டித் தன் வீட்டுப் பின்கட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு துப்பாக்கி மெக்கானிக். எழுபதை நெருங்கியவர். கொலராடோவின் டிரினிடாட் ஊர்க் கல்லூரியில் இந்தத் தொழிலைப் படித்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டில் தொடங்கப்பட்ட அந்தப் படிப்பு இன்றும் நடக்கிறது. அவரிடம் தொழில் பழகும் இளம்பெண் ஒருவர் கட்டை வேலை பார்க்கிறார். கோவையின் லேத் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கே புதிதாகத் தெரிந்தது சுவரில் மாட்டியிருந்த மான்கொம்புகள் மட்டும்தான். எண்ணெய் வாடை, சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல், ஓயாத வானொலி எல்லாம் அப்படியே.

அக்டோபர் மாதம். மலைச்சரிவில் லார்ச் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. மாதக் கடைசியில் தொடங்கி ஐந்து வாரம் நீளும் துப்பாக்கி வேட்டைப் பருவத்துக்கு முந்தைய நாட்கள் என்பதால் பட்டறையில் கூட்டம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்கு ஏறக்குறையத் திரை விழுந்துவிட்டது. நம்மில் பலருக்கு வேட்டைத் துப்பாக்கி என்றால் வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் தூக்கி நடந்த .405 வின்செஸ்டரோடு சரி. மொன்டானாவில் அது குளிர்கால இறைச்சிக்கான கருவி. உறைபெட்டியில் எல்க் மான் கறி இல்லாத வீட்டை அந்தப் பள்ளத்தாக்கில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் உட்கார்ந்திருந்தபோது மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் அப்பாவின் ரெமிங்டன் 700, .30-06 ரகம். 1962இல் சந்தைக்கு வந்த இந்த மாதிரியை மெக்கானிக்குகள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. இதன் உடல் உருளைக் கம்பியிலிருந்து கடையப்பட்டது. லேத்தில் பூட்டி மையம் பிடிப்பது சுலபம். நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் இதைச் செய்த பழைய ஆலை 2024இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த அளவுகளை வைத்தே பல கம்பெனிகள் உடல் செய்து விற்கின்றன.

பண்ணைக்காரருக்கு இரண்டு குறை. குழலுக்குள் துரு. பஞ்சு வைத்த பெட்டியில் ஈரத்தோடு பல வருடம் கிடந்திருக்கிறது. இரண்டாவது, முழங்கால். மேலே ஏற ஏறத் துப்பாக்கி கனக்கிறது என்றார். மெல்லிய குழலாக மாற்றி எடையைக் குறைக்க முடியுமா, இல்லை கடைக்குப் போய் எடை குறைந்த புதுசு ஒன்றை வாங்கிவிடலாமா? அதுதான் அவர் கேள்வி.

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஊசி போன்ற ஒரு கேமராவைக் குழலுக்குள் விட்டுத் திரையைக் காட்டினார். தோட்டா அறை முடிந்து, குண்டைச் சுழற்றும் புரி தொடங்கும் இடத்தில், வெடிமருந்தின் சூடு பட்டுப்பட்டு உலோகம் வெடிப்பு விட்டிருந்தது. பார்க்கப் பயமாக இருந்தாலும் அது பெரிய சேதம் இல்லையாம். வருடத்துக்கு ஒரு டப்பா தோட்டா சுடுகிறவர் .30-06 குழலைத் தேய்த்து முடிக்க ஒரு ஆயுள் போதாது. ஆயிரக்கணக்கில் சுடும் போட்டிக்காரர்கள்தான் குழலைத் தின்பவர்கள். இவருடைய சிக்கல் முனைப்பக்கம். குண்டு குழலை விட்டுக் கிளம்பும் கடைசி அங்குலங்களில் துரு குழி குழியாக அரித்திருந்தது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்து முனையைப் புதிதாகக் கடைய இடம் இருக்கிறதா என்று அளந்தார். இல்லை, அரிப்பு அதையும் தாண்டி உள்ளே போயிருந்தது.

பிறகு தராசை எடுத்தார். துப்பாக்கியைப் பிரித்து ஒவ்வொன்றாக வைத்தார்கள். குழல் ஏறக்குறைய 1.2 கிலோ. உடலும் போல்ட்டும் மற்ற இரும்பும் இன்னொரு 1.2. வால்நட் மரக்கட்டை ஒரு கிலோ. ஸ்கோப், அதைப் பிடிக்கும் எஃகு வளையம், வார், நாலு தோட்டா எல்லாம் சேர்த்து நாலு கிலோவைத் தாண்டியது. இருப்பதிலேயே மெல்லிய குழலைப் போட்டாலும் 250 கிராம்தான் குறையும் என்றார் பெரியவர். மரத்தை எடுத்துவிட்டு ஃபைபர் கட்டை போட்டால் இன்னும் 400 கிராம். ஆக 650.

கூலிக் கணக்கு அடுத்து வந்தது. நல்ல குழல் 400 டாலரை ஒட்டி. மரை வெட்டி, அறை குடைந்து, பொருத்தித் தர அதே அளவு. ஃபைபர் கட்டைக்கு இன்னொரு 600, 700. மொத்தத்தில் 1,500 டாலர். பின்லாந்தின் டிக்கா லைட் துப்பாக்கி கடையில் ஏறக்குறைய அதில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஸ்கோப் இல்லாமல் மூன்று கிலோதான் எடை. பாதிக் காசுக்கு அந்த எடைக்குறைப்பில் பாதிக்கு மேல், அதுவும் புத்தம் புதுசாக.

ஆலைக்கு இந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டேன். லேத்தைக் காட்டினார். அன்று அதில் வேறொருவரின் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு குழலைப் பொருத்துவது முறுக்கி மாட்டும் வேலையாக எனக்குத் தோன்றியிருந்தது. அவர் அரை நாளை மையம் பிடிக்கவே செலவழிக்கிறார். குழலின் வெளிப்பக்கம் எப்படி இருந்தாலும் அவருக்கு அக்கறையில்லை. உள்துளை இரண்டு முனையிலும் ஆடாமல் சுற்ற வேண்டும். டயல் முள்ளைத் துளைக்குள் விட்டு, சக்கின் திருகுகளை மாற்றி மாற்றி இறுக்கி, முள் அசைவது நிற்கும்வரை விடமாட்டார். பிறகு மரை வெட்டு. பிறகு ரீமர் கொண்டு தோட்டா அறை குடைவது. ஒரு மயிரிழை குடைவார், ரீமரை வெளியே எடுப்பார், சீவலைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், மறுபடி உள்ளே. ஒரு சீவல் உள்ளே மாட்டிச் சுவரைக் கீறினால் 400 டாலர் குழல் பாழ். கடைசியில் இரண்டு கேஜ். 'கோ' வைத்தால் போல்ட் மூட வேண்டும். 'நோ-கோ' வைத்தால் மூடக் கூடாது. இரண்டுக்கும் இடையே அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான் வித்தியாசம். அதற்குள் அறையின் ஆழம் நிற்க வேண்டும், இல்லையென்றால் வெடிக்கும் தோட்டா கண்ணுக்கு முன்னால் கிழியக்கூடும்.

ஆலையில் நடப்பது வேறு. டிக்கா துப்பாக்கிகள் பின்லாந்தின் ரீகிமாகி ஊரில் சாக்கோ கம்பெனியின் ஆலையில் உருவாகின்றன. புரியின் அச்சு தலைகீழாகச் செதுக்கிய ஒரு கம்பியைக் குழலுக்குள் நுழைத்து, சுற்றிலும் சம்மட்டிகள் இயந்திர வேகத்தில் அடிக்கின்றன. இரும்பு அச்சைச் சுற்றி நசுங்கிப் புரி பதிந்துவிடுகிறது. குழல் ஒன்றுக்குச் சில நிமிடம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் இயந்திரத் துப்பாக்கிகளுக்காக வளர்ந்த முறை இது. பெரியவரின் ஒரு நாள் கூலியோடு அந்தச் சில நிமிடங்கள் போட்டியிடுகின்றன. நியாயமான போட்டி இல்லைதான். ஆனால் ஆலைக் குழல்கள் மோசம் என்று சொல்லி ஆறுதல் தேடவும் அவர் தயாராக இல்லை. "முன்னெல்லாம் கடைத் துப்பாக்கி சரியாகச் சுடாது, அதனால் எங்களிடம் வருவார்கள். இப்போது 600 டாலர் துப்பாக்கி நான் செய்வதற்குச் சமமாகச் சுடுகிறது" என்றார், வருத்தமில்லாமல்.

பண்ணைக்காரருக்கு முடிவு தெரிந்துவிட்டது போலிருந்தது. அப்போதுதான் பெரியவர் கனத்துக்காகப் பேசினார். பின்னுதைப்பின் ஆற்றல் எடைக்கு நேர்மாறாகப் போகும். அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியை நாலு கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்கு இறக்கினால் உதை மூன்றில் ஒரு பங்கு கூடும். தோள் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை விசையை அழுத்துமுன் கண்ணை மூட வைக்கும். மூச்சிரைக்க ஏறி வந்தவன் கையில் மெல்லிய குழல் ஒரு இடத்தில் நிற்காது. "எடை வேண்டாமென்றால் தோட்டாவையும் சிறிதாக்கு. 7எம்எம்-08 வாங்கு. அதோடு, நீ ஏறும்போது ஒரு கிலோவுக்குக் கணக்குப் பார்க்கிறாய். எல்க் விழுந்தால் இறங்கும் ஒவ்வொரு நடைக்கும் முதுகில் முப்பது கிலோ. முழங்கால் அப்போது என்ன சொல்லும்?"

நான் பண்ணைக்காரர் பக்கம். விழுந்த மானைச் சுமப்பது வருடத்தில் ஒரு நாள், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். வெறும் துப்பாக்கியைச் சுமப்பது பருவம் முழுக்க. ஆனால் மெல்லிய குழல் போட்டு அந்தப் பழைய துப்பாக்கியை இளைக்க வைப்பது எனக்கும் ஒப்பவில்லை. அதன் நீண்ட இரும்பு உடல் அப்படியேதான் இருக்கும். எவ்வளவு செலவழித்தாலும் அது பாதி வழியில்தான் நிற்கும். எடைக்காக என்றால் புதிது. அந்தத் துப்பாக்கியே வேண்டுமென்றால் குழல். இரண்டு ஆசையையும் ஒரே பில்லில் போடும்போதுதான் 1,500 டாலர் வருகிறது. (புதிது வாங்குவதில் எல்க்குக்கும் ஆதாயம் உண்டு. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி உற்பத்தியாளர் கட்டும் 11 விழுக்காடு வரி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது.)

தீர்ப்பை எழுதியது கடைசியில் நாட்காட்டி. இதே மொன்டானாவில் பிளெய்ன்ஸ் ஊரில் லில்ஜா, கொலம்பியா ஃபால்ஸில் புரூஃப் ரிசர்ச் என்று பேர் பெற்ற குழல் செய்வோர் இருந்தும், கேட்ட அளவு குழல் கைக்கு வர மாதங்களாகும் என்றார் பெரியவர். இந்தப் பருவத்துக்கு வாய்ப்பே இல்லை. பண்ணைக்காரர் மிசூலா நகரத்துக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்குவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பிரித்துக் கிடந்த அப்பாவின் துப்பாக்கியைத் திரும்ப எடுக்காமல், அதற்குக் குழல் போட முன்பணம் எவ்வளவு என்று கேட்டார்.

"எந்த ரகம்? இதே போல்ட்டுக்கு .270, .280 எல்லாம் பொருந்தும்" என்றார் பெரியவர்.

".30-06தான். பழைய கனத்திலேயே போடுங்கள். மரக்கட்டை இருக்கட்டும்."

பதிவேட்டில் வசந்த காலத் தேதி ஏறியது. கட்டையில் ஒரு விரிசலைப் பார்த்து வைத்திருந்த அந்த இளம்பெண், அதை ஒட்டத் தனியாக நாற்பது டாலர் ஆகும் என்று சொல்லி இன்னொரு வரி எழுதினார். வண்டி கிளம்பிய பிறகு பெரியவர் என்னிடம், புது டிக்கா டிசம்பரில் இங்கே வரும், விசை கனமாக இருக்கிறது என்று புகாரோடு வரும், அதற்கும் ஒரு கூலி உண்டு என்றபடி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.