பேட்ச் போச்சு, பேர் எங்கே?

கருங்குழி ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலேறி காலேஜ் போகும் பையன் அவன். ஒரு ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் 'கொ' என்பதை இரண்டு எழுத்தாக எண்ணுவதைக் கண்டுபிடித்து, நாலே வரியில் சரி செய்து அனுப்பினான். பத்து நாளில் சேர்த்தும் விட்டார்கள். ரெஸ்யூமில் லிங்க் போட்டாச்சு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முதல் நாள் ராத்திரி திறந்து பார்த்தால், ஆத்தர் என்று வேறு யாரோ பெயர்!

திருட்டு இல்லைங்க. பாதித் தப்பு இவனுடையதுதான். 'கிட் டிஃப்' கொடுத்து வந்ததை அப்படியே அட்டாச் செய்திருந்தான். அதில் எந்த வரி போச்சு, எந்த வரி வந்தது என்பது மட்டும்தான் இருக்கும். யார் எழுதினது என்று இருக்காது. அந்தப் பக்கம் 'கிட் அப்ளை' போட்டு கமிட் செய்தவர் பெயரே ஏறிவிட்டது. லாரி வால் 1985-ல் எழுதிய பழைய 'பேட்ச்' கட்டளையும் இப்படித்தான், வரியை மாற்றுவதோடு சரி.

'கிட் ஃபார்மேட்-பேட்ச்' கொடுத்தால் பெயர், தேதி, விளக்கம் எல்லாம் மெயில் வடிவத்தில் வரும். 'கிட் ஏஎம்' அதைப் படித்து உண்மையான ஆத்தர் பெயரிலேயே கமிட் செய்யும். தமிழில் எழுதின பெயரும் கெடாது. (2005-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை ஆரம்பித்ததே, கெர்னல் வேலைக்காகத்தானே!)

பழைய கமிட்டைத் திருத்தினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா ஹாஷும் மாறிவிடும். யார் ஒத்துக்கொள்வார்கள்? லிங்கை எடுத்துவிட்டுத்தான் இன்டர்வியூ போனான்.

அடுத்த பேட்சை மெயிலில் காப்பி-பேஸ்ட் செய்தான். டேப் எல்லாம் ஸ்பேஸாகி, அப்ளை ஆகவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை 'கிட் சென்ட்-இமெயில்'. இந்தத் தடவை பெயரைத் தமிழிலேயே போட்டிருந்தான்.