திரும்பி வந்தவர் சொல்லும் வழி

சென்ற கோடை விடுமுறையில் மகள், மருமகன், பேரக்குழந்தைகள் இருவர் ஆகியோருடன் இராமேசுவரம் சென்று வந்தேன். பேத்திக்கு 8 வயது, பேரனுக்கு 5. இராமநாத சுவாமியின் தரிசனமும் 22 தீர்த்தங்களில் நீராட்டமும் குறைவின்றி நிறைவேறின. ஆயினும் ஊர் திரும்பும் வழியெல்லாம் என் மனம் கனத்தே இருந்தது.

காரணம் என் மனைவி. திருமணமான நாள் முதலாக அவள் என்னிடம் வேண்டிக் கேட்டது இராமேசுவர யாத்திரை ஒன்றுதான். வங்கிப் பணியில் இருந்த காலத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, தணிக்கை, இடமாற்றம் என்று ஆண்டுதோறும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். ஓய்வு பெற்றதும் போகலாம் என்றேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டே பக்கவாதம் அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டது. பேச்சு மட்டும் மெல்ல மெல்ல மீண்டது. இம்முறையும் நான் தயங்கி நின்றபோது, "குழந்தைகளையாவது அழைத்துப் போய் வாருங்கள். எனக்குத் துணையாகத் தங்கை இருக்கிறாள்" என்று அவளே வற்புறுத்தி அனுப்பினாள்.

திரும்பும் பயணம் எளிதாக இல்லை. மதுரை வரை பேரன், கடலுக்கே திரும்பிப் போகவேண்டும் என்று அடம்பிடித்தான். திருச்சி தாண்டியதும், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக் கேட்டு என் தோளிலேயே உறங்கிப்போனான். பேத்தியோ கோடி தீர்த்தம் நிரப்பிய சிறு செம்பை மடியில் வைத்துக்கொண்டு, எவர் கேட்டும் கொடுக்க மறுத்துவிட்டாள். "பாட்டிக்கு நான்தான் கொடுப்பேன்" என்பதே அவள் விடை. நள்ளிரவில் திருவண்ணாமலையைக் கடந்தோம். இருளில் கருநிழலாகத் தெரிந்த அருணாசலத்தைக் கைகூப்பி வணங்கினேன். செங்கம் வந்து சேர்ந்தபோது மனைவி உறங்கியிருந்தாள். அவள் முகத்தில் விழிக்கும் நேரம் காலைவரை தள்ளிப்போனதில் எனக்கு ஒரு நிம்மதி என்பதை மறைப்பானேன்?

காலையில் விபூதி குங்குமத்தை அவள் நெற்றியில் இட்டேன். நல்ல தரிசனம், வெயில் கடுமை, தங்குமிடம் வசதி என்று மேலதிகாரிக்கு அறிக்கை தருபவன்போல நான்கே வாக்கியங்களில் முடித்துக்கொண்டேன். மேலும் சொன்னால் அவளது ஏக்கத்தைக் கிளறுவதாகும் என்பது என் எண்ணம்.

பேத்திக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை. செம்புடன் கட்டிலருகே அமர்ந்தாள். "பாட்டி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இப்போது நாம் கோயிலுக்குள் போகிறோம்" என்றாள். 1,212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தை, "தூண், தூண், தூண்... முடியவே முடியாது பாட்டி" என்று சுற்றிக் காட்டினாள். "இது முதல் கிணறு, மகாலட்சுமி தீர்த்தம்" என்று விரலால் தொட்டு ஒரு துளி தெளித்தாள். பேரன் வாளியால் இறைத்து ஊற்றுபவராகவே மாறி, "தலையைக் குனியுங்கள்!" என்று அதட்டினான். சாவித்திரி, காயத்திரி, சரசுவதி என்று வரிசை நகர்ந்தது. எட்டைத் தாண்டியதும் பேத்திக்குப் பெயர் மறந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நள தீர்த்தம், அடுத்தது நீல தீர்த்தம்" என்றேன். அதன்பின் நானும் கட்டிலருகே அமர்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். இருபத்திரண்டாவதாகக் கோடி தீர்த்தம் வந்தபோது மனைவியின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. இயங்கும் இடக்கையால் தலையைத் தடவி, "முழுக்க நனைந்துவிட்டேன்" என்றாள்.

எங்கள் செங்கத்திற்குச் சங்க காலத்தில் செங்கண்மா என்று பெயர். இதனை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிர்ப்படும் வறிய கூத்தனிடம் வழியெல்லாம் விளக்கிச் சொல்வதாக அமைந்த நூல் அது. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு உண்டு, நவிரமலையில் உறையும் இறைவன் யார், சேயாறு எவ்வாறு பாய்கிறது என்று ஒன்றையும் விடாமல் சொல்கிறான். பெற்றதைச் சுமந்துகொண்டு நேரே வீடு போய்ச் சேராமல் இவன் ஏன் நடுவழியில் நின்று இத்தனையும் சொல்கிறான் என்று படிக்கும் காலத்தில் வியந்ததுண்டு. பதினோராம் திருமுறையில் இடம்பெற்ற திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் செய்வதும் இதுவே; முருகன் உறையும் தலங்களுக்கு மற்றவரை வழிப்படுத்துகிறார். தான் பெற்றதைப் பெறாதவருக்குச் சொல்லும்போதுதான் பயணம் நிறைவுறுகிறது என்பதை அன்று காலை கட்டிலருகில் உணர்ந்தேன்.

யாத்திரை முடிந்து வந்ததும் சமாராதனை செய்து பலருக்கும் உணவிடுவது நம் பெரியோர் வழக்கம். குழந்தைகளுடன் ஊர் திரும்புவோருக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அழுக்குத் துணிகளும் பள்ளித் திறப்பும் சற்றுக் காத்திருக்கட்டும். வர இயலாமல் வீட்டில் தங்கிவிட்ட முதியவர் அருகில் முதலில் குழந்தைகளை அமர்த்துங்கள். அவருக்கு ஏக்கம் மிகும் என்று அஞ்சி, என்னைப்போல் வாய்மூடி இருந்துவிடாதீர்கள். நாற்பது ஆண்டுகளாக நான் வைத்த கடன் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிரவு மனைவி கேட்டாள்:

"அடுத்த விடுமுறைக்கு நாம் எந்தக் கோயிலுக்குப் போகிறோம்?"