நாம் என்னும் சொல்

ஒரு நாட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்பவர் அந்நாளில் உறுதிமொழி கூறுகிறார். பின்னர் மக்களை நோக்கி உரையாற்றுகிறார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டம், குடியரசுத் தலைவர் கூறவேண்டிய உறுதிமொழியை 35 சொற்களில் வகுத்துள்ளது. உரையைப் பற்றியோ அது ஒன்றும் கூறவில்லை. 1789ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், முதல் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் நியூயார்க் நகரில் உறுதிமொழி கூறியபின், மக்களின் பேராளர்கள் முன்னிலையில் உரை நிகழ்த்தினார். சட்டம் விதிக்காத அச்செயல் பின்னர் நிலைத்த மரபாயிற்று.

உரையின் நீளத்திற்கும் அதன் ஆற்றலுக்கும் தொடர்பு இல்லை என்பதை இவ்வுரைகளின் வரலாறே காட்டும். வாஷிங்டன் 1793இல் இரண்டாம் முறை பதவி ஏற்றபோது பேசியவை 135 சொற்களே. 1841இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பேசியவையோ எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவை. குளிர் வாட்டிய மார்ச்சு மாதத்தில், மேலங்கியும் தொப்பியும் இன்றி நின்று, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவர் பேசினார். ஒரு மாதம் கழிந்ததும் காலமானார். அன்றைய குளிரே அவர் உயிரைக் கவர்ந்தது என மக்கள் நெடுங்காலம் நம்பினர். பிற்கால மருத்துவ ஆய்வாளர் அதனை ஐயுற்றனர். அது எவ்வாறாயினும், அவர் இறந்த கதையை நினைப்போர் உளர்; அவர் பேசிய பேச்சை நினைப்போர் மிகச் சிலரே.

அங்ஙனமாயின், இத்தகைய உரையின் உயிர்நிலை யாது? தேர்தல் மக்களை இரு கூறாக்குகிறது. வென்றவர் மகிழ்கின்றனர், தோற்றவர் மனம் குமைகின்றனர். பதவி ஏற்பவர் அவ்விரு திறத்தாருக்கும் தலைவர். தமிழில் தன்மைப் பன்மைக்கு இரு சொற்கள் உண்டு. கேட்பவரையும் தம்முடன் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. கேட்பவரை விலக்கி நிறுத்துவது ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான் உண்டு. ஆகவே, அமெரிக்கத் தலைவர் அச்சொல்லைக் கூறும்போது அவர் கருதுவது நாமா, நாங்களா என்பதை அச்சொல் உணர்த்தாது. அவருடைய ஏனைய சொற்களே உணர்த்த வேண்டும். பதவியேற்பு உரையை அளக்கும் கோல் இதுவே.

1800ஆம் ஆண்டுத் தேர்தல் கடும்பகையை விளைத்தது. இருவர் சமமான வாக்குப் பெற்றமையால், பேராளர் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே தாமஸ் ஜெபர்சன் தலைவரானார். தோற்ற தலைவராகிய ஜான் ஆடம்ஸ், புதியவர் பதவி ஏற்பதைக் காணவும் மனமின்றி, பொழுது விடியுமுன்னே தலைநகரை விட்டு நீங்கினார். 1801 மார்ச்சு 4ஆம் நாள் ஜெபர்சன் மெல்லிய குரலில் பேசினார். கருத்து வேறுபாடெல்லாம் கொள்கை வேறுபாடு ஆகாது என்றும், இரு கட்சிகளின் பெயர்களும் எல்லார்க்கும் உரியவையே என்றும் அவர் கூறினார். பகை தணிக்கும் பண்பட்ட உரை அது. ஆயினும், அவர் கூறிய ‘நாம்’ யாவரையும் தழுவியதன்று. அவரோ நூற்றுக்கணக்கான அடிமைகளை உடைய நிலக்கிழார். அவருடைய வயலில் உழைத்தோர்க்கு அச்சொல்லில் இடமில்லை.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1861 மார்ச்சு 4ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் பதவி ஏற்றபோது, அடிமை முறையைப் போற்றிய தென்மாநிலங்கள் ஏழு கூட்டாட்சியை விட்டு விலகியிருந்தன. பிரிந்தோரைப் பகைவர் என்னாது நண்பர் என்றே அழைத்தார் லிங்கன். அவர்தம் அச்சத்தைத் தணிக்க, மாநிலங்களில் நிலவும் அடிமை முறையில் தாம் தலையிடப் போவதில்லை என்றும் உறுதி கூறினார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து விடுதலைக்காக முழங்கிய பிரடெரிக் டக்ளஸ் அவ்வுரையைப் படித்து மனம் நொந்தார். தென்னாட்டாரை ‘நாம்’ என்னும் சொல்லுக்குள் அழைக்க, ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகளை அதற்கு வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. அவ்வளவு விலை கொடுத்தும் அமைதி கிட்டவில்லை. அடுத்த மாதமே போர் மூண்டது.

நான்கு ஆண்டுகளில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அப்போர் பலிகொண்டது. 1865 மார்ச்சு 4ஆம் நாள் லிங்கன் இரண்டாம் முறை பதவி ஏற்கையில், வடவர்க்கு வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. மழையில் நனைந்து, சேற்றில் நின்ற பெருங்கூட்டம் வெற்றி முழக்கத்தை எதிர்பார்த்தது. லிங்கன் பேசியவையோ ஏறத்தாழ 700 சொற்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஓரசைச் சொற்கள். வெற்றியைப் பற்றிய பெருமிதம் அவ்வுரையில் ஓரிடத்தும் இல்லை.

ஒரு சாரார் நாட்டைப் பிளக்கப் போரையும் தொடுப்பர். மறு சாரார் நாடு அழியாதிருக்கப் போரையும் ஏற்பர் என்று கூறிய லிங்கன், அதன்பின் போர் வந்தது என்பதை ஆங்கிலத்தில் நான்கே சொற்களில் சொல்லி நிறுத்தினார். அடிமைப்பட்டோர் மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கினர் என்றும், அவர்களைப் பற்றிய வழக்கே போருக்குக் காரணம் என்றும் வெளிப்படையாக உரைத்தார். அவ்வடிமை முறையைத் தென்னாட்டின் குற்றம் என அவர் ஒதுக்கவில்லை. அமெரிக்காவின் அடிமை முறை என்றே குறித்தார். சவுக்கடியால் சிந்திய குருதிக்கு ஈடாக வாளால் சிந்தும் குருதியை இறைவன் இரு திறத்தாரிடமும் பெறுகின்றானோ என்று கருதினார். வென்றவர் தம் பங்குக் குற்றத்தையும் ஏற்கவேண்டும் என்பது அதன் உட்பொருள். ஈற்றில், எவரிடத்தும் பகை கொள்ளாது, எல்லாரிடத்தும் அன்பு கொண்டு, நாட்டின் புண்ணை ஆற்றுவோம் என்றார். போர்வீரனையும், அவனுடைய கைம்பெண்ணையும், தந்தையை இழந்த பிள்ளையையும் காக்கவேண்டும் என்றபோது, எப்பக்கத்து வீரன் என்று அவர் பிரித்துரைக்கவில்லை. தோற்பவரும், அடிமைப்பட்டவரும், வெல்பவரும் முதன்முறையாக ஒரே ‘நாம்’ என்னும் சொல்லில் அடங்கினர்.

அன்று மாலை வெள்ளை மாளிகைக்கு வந்த டக்ளசைக் காவலர் வாயிலில் தடுத்தனர். லிங்கன் அவரை உள்ளே வரவழைத்துத் தம் உரையைப் பற்றி வினவினார். அது ஒரு புனித முயற்சி என்றார் டக்ளஸ். அவ்வுரை உடனே எல்லார்க்கும் இனிக்காது என்பதையும் லிங்கன் அறிந்திருந்தார். இறைவனின் நோக்கம் வேறு, தங்கள் நோக்கம் வேறு என்று சுட்டிக்காட்டினால் மாந்தர் மகிழார் எனச் சில நாட்களில் ஒரு நண்பருக்கு எழுதினார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு அவர் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் நீத்தார். சுட்ட கொடியவன், மார்ச்சு 4ஆம் நாள் அவ்வுரை நிகழ்ந்த இடத்திற்கும் வந்திருந்தவனே.

வாஷிங்டன் நகரில் 1922இல் திறக்கப்பெற்ற லிங்கன் நினைவு மண்டபத்தின் சுவரில் இவ்வுரை முழுவதும் பொறிக்கப்பட்டுள்ளது. அத்திறப்பு விழாவிலேயே கறுப்பின மக்கள் தனியிடத்தில் பிரித்து அமர்த்தப்பட்டனர். சொல் கல்லில் ஏறியது, மனத்தில் ஏறவில்லை. 1963 ஆகஸ்டு 28ஆம் நாள், அம்மண்டபத்தின் படிகளில் நின்று மார்ட்டின் லூதர் கிங், சம உரிமை வேண்டி இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே பேசினார். எந்தப் பதவியும் ஏற்காத ஒருவர், பதவி ஏற்றவர் விட்டுச் சென்ற பணியை அங்கே தொடர்ந்தார்.

பதவியேற்பு விழாவின் கொடிகளும் முரசொலியும் ஒரு நாளில் ஓய்ந்துவிடும். ‘நாம்’ என்று தலைவர் சொல்லும்போது, அச்சொல்லுக்கு வெளியே நிற்பவர் யார் என்னும் வினா மட்டும் ஓய்வதில்லை. அவ்வினாவுக்கு அஞ்சாமல் விடை கூறும் உரையே காலத்தை வென்று நிற்கும்.