விற்ற பின்னும் விலகாத கை



ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கினால் அது வாங்கியவரின் உடைமையாகிறது. விற்றவரின் கை அதிலிருந்து விலகிவிடுகிறது. ஃபிக்ஹில் வியாபாரப் பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இந்த எளிய பாடத்துக்கு இன்று சோதனையாக வந்து நிற்பது, நம் வீடுகளிலும் மத்ரஸாக்களிலும் இருக்கும் பிரிண்டர்.

நாம் பணியாற்றும் மத்ரஸாவில் தேர்வு வினாத்தாள்கள் அச்சிட வேண்டிய நேரத்தில் பிரிண்டர் நின்றுபோனது. பல மாதங்களாக வேறு தயாரிப்பாளரின் மாற்று கார்ட்ரிட்ஜைத்தான் அதில் பயன்படுத்தி வந்தோம். அதன் விலை அசலின் விலையில் பாதிகூட இல்லை. சந்தாவாலும் நன்கொடையாலும் நடக்கும் இடத்தில் ஒவ்வொரு ரூபாயும் அமானிதம் அல்லவா? முந்தைய இரவு பிரிண்டர் இணையத்தின் வழியே தன் ஃபர்ம்வேரைத் தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில், கார்ட்ரிட்ஜ் பழுதடைந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்தது.

நிர்வாகக் குழுவில் சிலரது சந்தேகம் உடனே அதை விற்ற இளைஞரின் மீது பாய்ந்தது. அவர் வாதிடவில்லை. அதே கார்ட்ரிட்ஜைத் தம் கடையில் இருந்த, இன்னும் புதுப்பிக்கப்படாத அதே மாடல் பிரிண்டரில் பொருத்திக் காட்டினார். எழுத்துகள் பளிச்சென்று விழுந்தன. அப்படியிருந்தும் நாம் கேளாமலே பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். குற்றமற்ற ஒருவருக்குப் பணநட்டமும் வந்தது, ஒரு நாள் முழுக்க மோசடிக்காரர் என்ற பெயரும் வந்தது. இரண்டையும் வரவழைத்தது திரையில் தோன்றிய ஒரு பொய்.

ஃபர்ம்வேர் என்பது பிரிண்டருக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்கும் மென்பொருள். கார்ட்ரிட்ஜில் சிறியதொரு சிப் இருக்கிறது. பிரிண்டர் அதைப் படித்து அடையாளத்தைச் சரிபார்க்கிறது. பாதுகாப்புக் குறைகளை நீக்கவும் புதுப்பிப்புகள் வருகின்றன, அவை தேவையானவையே. ஆனால் அதே புதுப்பிப்பில் சிப்பைச் சோதிக்கும் முறையையும் மாற்றிவிட்டால், நேற்றுவரை ஏற்கப்பட்ட மாற்று கார்ட்ரிட்ஜ் இன்று மறுக்கப்படும். மையின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரிண்டரை மலிவாக விற்று, லாபத்தை மையில் எடுப்பது இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். அந்த லாபத்தைக் காக்கும் பூட்டுதான் சிப்.

இது உலகறிந்த விவகாரம். 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்.பி. நிறுவனத்தின் ஆஃபீஸ்ஜெட் வகைப் பிரிண்டர்கள் பல, மாற்று கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. எதிர்ப்பு எழுந்ததும், வாடிக்கையாளர்களுக்கு இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு, அத்தடையை நீக்கும் வேறொரு ஃபர்ம்வேரை வெளியிட்டது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு, நிறுவனம் தவற்றை ஏற்காமலேயே, 15 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் அதே நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தக் கட்டுப்பாட்டை வாங்குவோருக்குத் தெளிவாகத் தெரிவிக்கவில்லை என்பது அது கண்ட குற்றங்களில் முதன்மையானது.

நம் மார்க்கம் இதை எப்படிப் பார்க்கும்? பரீரா (ரலி) அவர்களின் செய்தியை நாம் அறிவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்ய விரும்பினார்கள். விற்பவர்களோ, விற்ற பின்னும் ‘வலா’ என்னும் உரிமை தங்களிடமே இருக்க வேண்டும் என்று ஷரத்து விதித்தனர். விடுதலை செய்பவருக்கே அந்த உரிமை என்றும், அல்லாஹ்வின் சட்டத்துக்கு மாறான ஷரத்து செல்லாது என்றும் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. ஒரு மனிதரின் விடுதலையை ஓர் இயந்திரத்தோடு நாம் ஒப்பிடவில்லை. விலையையும் பெற்றுக்கொண்டு உரிமையையும் பிடித்துவைத்துக்கொள்ள விற்பவருக்கு வழியில்லை என்ற படிப்பினையையே எடுத்துக்கொள்கிறோம். பரீராவின் எஜமானர்களாவது தங்கள் ஷரத்தை விற்பதற்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னார்கள். இங்கோ, விற்று முடிந்து பல மாதங்கள் கழித்து, நாம் உறங்கும் வேளையில் ஷரத்து வந்து சேர்கிறது.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கடிந்துகொண்டார்கள். பிரிண்டர் பெட்டியின் மேல் தெரிய வேண்டிய ஈரம் இந்தக் கட்டுப்பாடுதான்.

ஆனால் தராசுக்குத் தட்டு இரண்டு. மாற்று கார்ட்ரிட்ஜ் வேறு, போலி கார்ட்ரிட்ஜ் வேறு. தன் சொந்தப் பெயரில் விற்கப்படும் மாற்று, நேர்மையான சரக்கு. அசல் நிறுவனத்தின் பெயரையும் பெட்டியையும் போலியாக அச்சிட்டு விற்பது மோசடி. அந்த வருமானம் ஹலாலாகாது. அவ்வாறே, கூடுதல் உத்தரவாதமோ இலவச மையோ தருகிறோம், பதிலுக்கு எங்கள் கார்ட்ரிட்ஜை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிறுவனம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, நாமும் அறிந்து சம்மதித்தால், அந்த வாக்கைக் காப்பது நம் கடமை. சலுகையை வாங்கிக்கொண்டு நிபந்தனையை மட்டும் மீறுவது முஃமினுக்கு அழகல்ல.

ஆகவே பிரிண்டர் வாங்குமுன் பெட்டியிலுள்ள சிறிய எழுத்துகளையும் படியுங்கள். மாற்று மை ஏற்கப்படுமா, பின்னாளில் தடுக்கப்படுமா என்று கேளுங்கள். சிப் தேவைப்படாத, புட்டியிலிருந்து மை ஊற்றும் டேங்க் வகைகளும் கிடைக்கின்றன. தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தும் வசதி இருந்தால், பாதுகாப்புத் திருத்தங்களும் அதனோடு நின்றுபோகும் என்பதை எண்ணிப்பார்த்து முடிவெடுங்கள். கார்ட்ரிட்ஜ் விற்கும் சகோதரர்கள், ‘இது அசல் அன்று, மாற்று’ என்று வாய்திறந்து சொல்லட்டும். ஏற்கப்படாவிட்டால் திருப்பித் தரலாமா என்பதையும் ரசீதில் எழுதட்டும். வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகக் கருதினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் தோன்றும் ஒரு வரியை நம்பி ஒரு சகோதரரின் நாணயத்தை எடைபோடாதீர்கள். விசாரித்து அறிவது குர்ஆன் நமக்கிட்ட கட்டளை.

விற்கும்போதும் வாங்கும்போதும் உண்மையே பேசும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.